பூட்டைத் திறந்து பார்ப்பவன் கள்வனா?



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், இம்மாதிரி மேடைகளில் வழக்கமாகப் பேசப்படுவதன்று. கம்பரைப் பற்றியோ வள்ளுவரைப் பற்றியோ கேட்கலாம் என்று வந்தவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். நான் சட்டத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். சட்டத்திலும், வறண்ட நிலம் என்று வக்கீல்களே ஒதுங்கிச் செல்லும் ஒரு மூலையைப் பற்றிப் பேசப்போகிறேன். புத்தகமானாலும், பாட்டானாலும், திரைப்படமானாலும், கணினி மென்பொருளானாலும், பிறர் நகலெடுக்க முடியாதபடி உரிமையாளர் அதற்கு ஒரு பூட்டைப் போட்டு விற்கிறார். அந்தப் பூட்டைப் பிரித்து, அது எவ்விதம் இயங்குகிறது என்று பின்னோக்கி ஆராய்ந்து, கடைசியில் திறந்தும் விடுகிற ஒருவன் இருக்கிறான். அவன் கள்வனா? ஆராய்ச்சியாளனா? அல்லது தான் காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தான் உபயோகிக்க விரும்பும் சாதாரண மனிதனா? இதுவே இன்றைய வினா.

பூட்டு என்றேனே, அது எத்தகைய பூட்டு? கணினி நம் அச்சகங்களுக்குள் நுழைந்த 1990களை நினைவுகூரக்கூடியவர்கள் இந்தச் சபையில் பலர் இருப்பீர்கள். இந்திய மொழிகளில் பக்கம் அமைக்கும் மென்பொருளை வாங்கினால், வட்டுகளோடு தீப்பெட்டி அளவில் ஒரு சிறு பொருளையும் கொடுப்பது அந்நாளில் பல கம்பெனிகளின் வழக்கம். ஒரு பக்கத்தில் 25 ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மறு பக்கத்தில் 25 துளைகள் இருக்கும். கணினியின் பின்புறத்தில் பிரிண்டர் வயரைச் செருகும் இடத்தில் இதைச் செருகி, இதன் பின்னால் பிரிண்டர் வயரைச் செருகவேண்டும். டாங்கிள் என்று அதற்குப் பெயர். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடையிடையே இந்தச் சிறு பொருளை நோக்கி ஒரு கேள்வி கேட்கும். அது சரியான பதிலைச் சொன்னால் வேலை தொடரும். பதில் வராவிட்டால், தீபாவளி மலரின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் இருந்தாலும் சரி, திருமண அழைப்பிதழின் முகூர்த்த நேரத்தைத் திருத்திக்கொண்டிருந்தாலும் சரி, திரை அப்படியே நின்றுவிடும். ஊசி ஒன்று வளைந்துவிட்டால் என்ன செய்வது? விற்ற கம்பெனி கடையைக் கட்டிவிட்டால் யாரிடம் போவது? அந்த வினாவை எழுப்ப அந்நாளில் யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் ஒருவர் வேறு விதமாக யோசித்தார். பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் வரைபடம் வரைவதற்கு உபயோகிக்கும் ஆட்டோகேட் என்னும் மென்பொருளை, அதன் உரிமையாளரான ஆட்டோடெஸ்க் நிறுவனம் இத்தகைய ஒரு பூட்டோடுதான் விற்று வந்தது. இவர் அந்த மென்பொருளின் ஒரு வரியைக்கூடப் படித்ததில்லை. கணினிக்கும் பூட்டுக்கும் இடையே ஓடும் மின்துடிப்புகளை ஆசிலாஸ்கோப் என்னும் கருவியின் திரையில் பொறுமையோடு கவனித்து, கேள்வி இன்னது, பதில் இன்னது என்று கண்டுகொண்டு, அதே பதில்களைச் சொல்லும் வேறொரு பூட்டைச் செய்துவிட்டார். அந்தப் பதில் வரிசை 127 இலக்கங்களே கொண்டது. ஒவ்வோர் இலக்கமும் பூஜ்யம் அல்லது ஒன்று. இந்த மாற்றுப் பூட்டு கையில் இருந்தால், ஒரு பிரதி வாங்கிய அலுவலகம் இரண்டு கணினிகளில் வேலை செய்யலாம் அல்லவா? ஆட்டோடெஸ்க் வழக்குத் தொடுத்தது. முதல் நீதிமன்றம் உரிமை மீறப்பட்டது என்றது. மேல்முறையீட்டில் மீறப்படவில்லை என்றார்கள். 1992 பிப்ரவரியில் அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம், அந்த 127 இலக்கங்களும் மென்பொருளுக்குள் இருக்கும் ஓர் அட்டவணையின் பிரதியே ஆதலால் மீறப்பட்டதே என்று முடிவுகட்டியது. எழுத்தைக் காணாமலேயே எழுத்தைத் திருடினான் என்று ஒரு மனிதன்மேல் தீர்ப்பு எழுதப்பட்ட விசித்திரத்தைக் கவனியுங்கள். அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தை 1999இல், வேறொரு வழக்கில், அதே நீதிமன்றமே குறைகூற நேர்ந்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அதே 1992ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவில் என்ன நடந்தது? சேகா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் விளையாட்டுக் கருவி, தன்னுள் செருகப்படும் விளையாட்டில் எஸ், ஈ, ஜி, ஏ என்ற நான்கு எழுத்துக்கள் குறிப்பிட்ட இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும். இல்லாவிட்டால் விளையாட்டை ஓட்டாது. அக்கோலேட் என்ற கம்பெனி, சேகாவின் மூன்று விளையாட்டுக்களைக் கடையில் வாங்கி, இயந்திர மொழியிலிருந்து பின்னோக்கிப் பிரித்துப் படித்து, அந்த இரகசியத்தைக் கண்டறிந்து, தான் சொந்தமாக எழுதிய விளையாட்டுக்களில் அந்த நான்கு எழுத்துக்களைச் சேர்த்துக்கொண்டது. பிரித்துப் படிக்கும்போது நகல் உண்டாயிற்று என்பது உண்மைதான். ஆயினும், ஒரு கருவி எவ்விதம் இயங்குகிறது என்று அறிவதற்கு வேறு வழி இல்லாதபோது, நியாயமான நோக்கத்தோடு அவ்வாறு செய்வது தகும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது.

ஒரே ஆண்டு, ஏறக்குறைய ஒரே செயல், இரண்டு முடிவுகள். நாடுகள் வேறு, சட்டங்கள் வேறு என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் பிரித்துப் பார்த்த பிறகு அந்த அறிவை என்ன காரியத்திற்குப் பிரயோகித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்! ஒருவர் பிறருடைய மென்பொருளைக் கட்டணமில்லாமல் ஓட்ட வழி செய்யும் சாதனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மற்றவர் புதிய படைப்புக்களைக் கொண்டுவந்தார். திறந்த கையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதா, திறந்ததன் உத்தேசத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதா? என் அபிப்பிராயம் இரண்டாவது பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

இனி நம் மலேசியாவுக்கு வருவோம். நமது பதிப்புரிமைச் சட்டம் 1987ஆம் ஆண்டினுடையது. நகல் தடுப்புப் பூட்டுக்களைப் பற்றி அதில் முதலில் ஒரு விதி நுழைந்தது 1999 ஏப்ரல் முதல் தேதி. உலக அறிவுசார் சொத்துடைமை அமைப்பின் ஆதரவில் 1996இல் ஜெனீவாவில் நிறைவேறிய பதிப்புரிமை உடன்படிக்கை, இத்தகைய பூட்டுக்களைச் சட்டத்தால் காக்கவேண்டும் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டதன் விளைவு அது. பிறகு 2012 மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்த திருத்தத்தில், 36ஏ என்ற தனிப்பிரிவே உண்டாயிற்று. உரிமையாளர் தம் உரிமையைக் காக்க வைத்திருக்கும் தொழில்நுட்பப் பாதுகாப்பை எவரும் மீறித் திறக்கலாகாது. பிறரைக் கொண்டு திறக்கவும் கூடாது என்பது அதன் முதல் கட்டளை.

கட்டளை கடுமையானதுதான். ஆனால் அதே பிரிவு, ஒரே மூச்சில், எந்த உத்தேசத்தோடு திறந்தால் குற்றமாகாது என்றும் சொல்லிவிடுகிறது. சுயேச்சையாக எழுதப்பட்ட ஒரு மென்பொருள் மற்றொன்றோடு இணைந்து இயங்குவதற்காகத் திறக்கலாம். மறையாக்கத்தின் குறைபாடுகளைக் கண்டறிந்து ஆராய்வதற்காகத் திறக்கலாம். கணினியின் பாதுகாப்பைச் சோதித்துத் திருத்துவதற்காகத் திறக்கலாம். நூலகமோ கல்வி நிலையமோ ஒரு நூலை வாங்கலாமா என்று முடிவுசெய்வதற்காகத் திறந்து பார்க்கலாம். போலீசுக்கும் தேசப் பாதுகாப்புக்கும் விலக்கு இருப்பது சொல்லாமலே விளங்கும். இவற்றோடு, ஒரு பொருள் நமக்குச் சொல்லாமல் நம்முடைய சொந்த விவரங்களைச் சேகரித்து அனுப்புமானால், அந்த வேவுத் தொழிலைக் கண்டுபிடித்து முடக்குவதற்காகவும் திறக்கலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது.

இந்தக் கடைசி விலக்கு வீண் கற்பனையில் பிறந்ததன்று. 2005ஆம் ஆண்டில் சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் வெளியிட்ட சில பாட்டு வட்டுகளைக் கணினியில் போட்டால், நகலெடுப்பதைத் தடுப்பதற்கான ஒரு மென்பொருள் கணினிக்குள் இறங்கி, இயங்கு தளத்தின் கண்ணிலேயே மண்ணைத் தூவித் தன்னை ஒளித்துக்கொண்டது. அவ்வாறு அது ஏற்படுத்திய மறைவிடத்தில் வைரஸ்களும் வந்து ஒளிந்துகொள்ள இடம் உண்டாயிற்று. அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் மார்க் ருசினோவிச் என்ற கணினி நிபுணர், தம்முடைய கணினியில் ஏதோ ஒன்று பதுங்கியிருப்பதைக் கண்டு, அதைப் பிரித்து ஆராய்ந்து உலகறியச் செய்தார். அடுத்த மாதமே நிறுவனம் அந்த வட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. பாட்டுக் கேட்க வாங்கிய வட்டு, வீட்டுக்குள் புகுந்து கதவைத் திறந்து வைத்துவிட்டது! இங்கே பிரித்துப் பார்த்தவன் கள்வனா, பிரித்துப் பார்க்கக் கூடாதென்று ஒளித்து வைத்தவன் கள்வனா?

இப்படிப் பேசுவதால் நான் திருட்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நாளை வெளிவரும் தமிழ்ப் படத்தின் வட்டு இன்றைக்கே கிடைத்த ஒரு காலம் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்தது. வட்டு அச்சிடும் ஆலைகளுக்கு உரிமம் கட்டாயமாக்கி 2000ஆம் ஆண்டில் தனிச்சட்டமே கொண்டுவந்தார்கள். 2007இல் லக்கி, ஃபுளோ என்ற இரண்டு கறுப்பு லாப்ரடார் நாய்கள் இந்த நாட்டுக்கு வரவழைக்கப்பட்டு, மோப்பம் பிடித்தே ஜொகூர் பாருவில் இலட்சக்கணக்கான வட்டுகளைக் காட்டிக்கொடுத்தன. அவற்றின் மூக்குக்கு அசல் வட்டும் போலி வட்டும் ஒரே வாசனைதான் என்பது வேறு விஷயம். இப்போது வட்டுகள் போய், டிவி பாக்ஸ் வந்திருக்கிறது. கட்டணச் சானல்களைக் கட்டணமில்லாமல் காட்டும் அத்தகைய பெட்டிகளை விற்பது பதிப்புரிமை மீறலே என்று 2021இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வந்த 43ஏஏ பிரிவின்படி, இந்த வியாபாரத்திற்குத் தண்டனை குறைந்தது 10,000 வெள்ளியிலிருந்து 200,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 20 ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும். கோடம்பாக்கத்தில் வட்டிக்குக் கடன் வாங்கிப் படம் எடுத்தவனுடைய சோற்றில் கைவைப்பவனுக்கு இது அதிகம் என்று நான் சொல்லமாட்டேன்.

நான் கவலைப்படுவது அவனைப் பற்றியன்று. இந்தப் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தின் படிகளில் இறங்கித் துன் சம்பந்தன் சாலைப் பக்கம் நடந்தீர்களானால், நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் மேடுகள் எழுப்பிய கற்கள் பதித்திருப்பதைக் காண்பீர்கள். வெள்ளைக் கோலை ஊன்றி நடப்பவர்களுக்காக அமைத்த பாதை அது. 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்தப் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. பார்வையற்ற அன்பர்கள் இன்று கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள எழுத்தை, அதைக் குரலாக்கி ஒலிக்கும் மென்பொருளின் துணையால் வாசிக்கிறார்கள். தமிழையும் அவ்விதம் கேட்கலாம். அவர்களில் ஒருவர், எல்லோரும் கொடுக்கும் அதே விலையைக் கொடுத்து, ஒரு மின்னூலை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நகல் தடுப்புப் பூட்டு, வாசிப்பு மென்பொருளையும் சேர்த்துத் தடுத்துவிடுமானால், அவருக்குக் கிடைத்தது நூலா? பணம் போயிற்று, புத்தகம் ஊமையாய் நிற்கிறது.

இவருக்காகச் சட்டம் எதுவும் செய்யவில்லையா? செய்திருக்கிறது. பார்வைக் குறைபாடு உடையவர்கள் வாசிப்பதற்கேற்ற பிரதிகளை உண்டாக்க அனுமதிக்கும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013இல் கையெழுத்தாயிற்று. அதை உலகத்திலேயே முதலில் உறுதிசெய்த நாடு, 2014இல், இந்தியா. மலேசியாவில் அது 2022 ஜூன் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் அத்தகைய பிரதிகளைத் தயாரிக்க நம் சட்டத்திலும் இடம் உண்டு. பூட்டுக்கள் இந்த உரிமையைப் பாழாக்கிவிடாதபடி நாடுகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அந்த உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் 2012இல் 36ஏ பிரிவில் விலக்குகளை வரிசைப்படுத்தியபோது, நூலகத்தை நினைத்தவர்கள், போலீசை நினைத்தவர்கள், பார்வையற்ற வாசகருக்கென்று ஒரு வரி எழுத நினைக்கவில்லை. சட்டம் அனுமதிக்காத காரியங்களைத் தடுக்கும் பூட்டையே அந்தப் பிரிவு காக்கிறது. சட்டமே அனுமதித்த வாசிப்பைத் தடுக்கும் பூட்டுக்கு அந்தப் பாதுகாப்பு ஏன் என்று ஒரு வக்கீல் வாதாடலாம். வாதாடலாம் என்பது சரிதான், ஆனால் எத்தனை பார்வையற்றோர் உயர் நீதிமன்றப் படியேறி வாதாட முடியும்?

அதோடு போகவில்லை. அதே பிரிவின் அடுத்த பகுதி, பூட்டைத் திறப்பதற்கென்றே அமைந்த கருவியை விற்பனைக்காகச் செய்வது, விற்பது, விளம்பரப்படுத்துவது, திறந்து தரும் சேவையை வழங்குவது ஆகிய அனைத்தையும் தடுக்கிறது. யோசித்துப் பாருங்கள். ஆராய்ச்சிக்காகத் திறக்கலாம், இணைந்து இயங்குவதற்காகத் திறக்கலாம் என்று முன்பக்கத்தில் அனுமதி. திறக்கும் சாதனத்தைப் பிறருக்குச் செய்து தருபவனுக்குப் பின்பக்கத்தில் தடை. ஆசிலாஸ்கோப்பை வைத்துக்கொண்டு தானே மின்துடிப்பைப் படிக்கக்கூடிய நிபுணனுக்கு இந்த அனுமதி பயன்படும். கிள்ளானில் அச்சகம் நடத்தும் ஒருவருக்கு எப்படிப் பயன்படும்? பார்வையற்ற ஓர் ஆசிரியைக்கு எப்படிப் பயன்படும்?

இதன் கசப்பான உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. டிமித்ரி ஸ்க்லியாரோவ் என்ற ரஷ்ய இளைஞர், அடோபி நிறுவனத்தின் மின்னூல் பூட்டைத் திறக்கும் ஒரு மென்பொருளைத் தம் நாட்டில், தம் நாட்டுச் சட்டத்திற்குட்பட்டு எழுதியிருந்தார். பூட்டிய மின்னூலைக் குரலாக்கிக் கேட்கவும் அது உதவும். 2001 ஜூலையில் அந்த ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவதற்காக லாஸ் வேகஸ் நகரத்திற்குச் சென்றவரை அங்கேயே கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில், அவர் வேலை பார்த்த கம்பெனி குற்றவாளியன்று என்று ஜூரிகள் விடுவித்தார்கள். எனினும் ஒரு சொற்பொழிவுக்காகச் சிறை செல்லலாம் என்ற பயம் ஆராய்ச்சியாளர் மனத்தில் குடியேறிவிட்டது. அதே அமெரிக்காவில், குரல்வாசிப்பைத் தடுக்கும் மின்னூல் பூட்டைப் பார்வையற்றோர் திறக்கலாம் என்று 2003இல் விலக்கு அளித்தார்கள் என்பதையும் நியாயத்தை முன்னிட்டுச் சொல்லவேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு வழி நம் முன்னோர் மண்ணிலேயே இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, பூட்டைத் திறந்தவன் உரிமையை மீறும் எண்ணத்தோடு திறந்திருந்தால்தான் குற்றம் என்கிறது. தண்டனை இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும். சட்டம் தடுக்காத ஒரு காரியத்திற்காகத் திறப்பவனுக்குத் துணைபுரிகிறவனையும் அது விரட்டவில்லை. யாருக்காகத் திறந்தாய், அவர் பெயர் என்ன, முகவரி என்ன, எந்தக் காரியத்திற்காக என்று ஒரு பதிவேடு வைத்துக்கொள் என்று மட்டும் கேட்கிறது. பதிவேடு என்றதும் சிலருக்குக் கசக்கும். என் பெயரை இன்னொருவனுடைய ஏட்டில் எழுதிவைக்க எனக்கும் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஆயினும் துணைபுரிகிறவனே இல்லை என்ற நிலையைவிட, பெயரெழுதிக்கொண்டு துணைபுரிகிறவன் மேலானவன்.

தமிழர்களாகிய நமக்கு இதில் தனியான அக்கறை உண்டு. யூனிகோட் என்னும் ஒருங்குறி பரவுவதற்கு முன், ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒரு தனி இராஜ்யம். ஒரு கம்பெனி ககரத்தை வைத்த எண்ணில் மற்றொரு கம்பெனி வேறோர் எழுத்தை வைத்திருக்கும். ஒருவர் தட்டெழுதிய கட்டுரை இன்னொருவர் கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். இந்த அலங்கோலத்தைத் தீர்க்க டிஸ்கி என்ற குறியேற்றம் வந்தது. 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டில் டாப், டாம் தரங்கள் பிறந்தன. 2001ஆம் ஆண்டுத் தமிழ் இணைய மாநாடு இந்தக் கோலாலம்பூரிலேயே நடந்தது. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம்மவர். ஓர் எழுத்துருவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கருவிகளைச் செய்தவர்கள், எந்த எண்ணில் எந்த எழுத்து இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தார்கள். அதுவும் பின்னோக்கி ஆராய்வதேயன்றி வேறென்ன? அதைத் திருட்டு என்று அன்று எவரேனும் தடுத்திருந்தால், அந்நாளைய எழுத்துக்களில் பெரும்பகுதி இன்று நமக்குப் படிக்கக் கிடைத்திராது.

இன்னும் கிடைக்காதவை இருக்கின்றன. பத்திரிகை நின்றுபோனாலும் அச்சிட்ட காகிதம் நூலகத்தில் தங்கும். 1924இல் தொடங்கி 2019இல் நிறுத்தப்பட்ட தமிழ் நேசனைத் தேடுகிறவர் காகிதத்தைத் தேடிப் போகலாம். ஆனால் சிற்றச்சகங்கள் அமைத்த கோயில் மலர்கள், சங்க மலர்கள், தோட்டத்துப் பள்ளி ஆண்டறிக்கைகள் ஆகியவற்றின் கணினிக் கோப்புகள், டாங்கிள் இல்லாமல் திறக்காத மென்பொருளுக்குள் கிடக்கின்றன. பிரிண்டர் வயருக்கான அந்த 25 துளைகளே இன்றைய கணினியில் இல்லை.

ஆகவே அச்சகம் வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: பழைய கணினியும் அதன் பூட்டும் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, இந்த மாதத்திற்குள், உங்கள் கோப்புகளைத் திறந்து ஒருங்குறிக்கு மாற்றி வையுங்கள், உரிமத்தோடு வாங்கிய மென்பொருளில் உங்கள் சொந்தக் கோப்பைத் திறப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. இரண்டாவது வேண்டுகோள் உங்கள் எல்லோருக்கும். 36ஏ பிரிவின் விலக்குப் பட்டியலில் பார்வையற்றோர் வாசிப்பையும், விற்றவரே கைவிட்ட மென்பொருளையும் சேர்க்கவேண்டும் என்றும், துணைபுரிகிறவர்களுக்கு இந்தியாவைப் போலப் பதிவேட்டு முறையை ஏற்படுத்தவேண்டும் என்றும் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்திற்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். மனு வாசலருகே மேசைமேல் இருக்கிறது. பார்வையற்ற அன்பர்களுக்கு அதைப் படித்துக் காட்ட ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். கையொப்பமிட்டுவிட்டுச் செல்லுங்கள்.